மேல்தாடைத் துறையும் கீழ்த்தாடைத் துறையும்

பெரிய கட்டடங்களைக் கண்டால் என் முதுகு தானாகவே கொஞ்சம் வளைந்துவிடும். வாசலில் தூண்கள் இருந்தால் செருப்பைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசிப்பேன். இத்தனைக்கும் கோணலை நிமிர்த்துவதுதான் என் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களைச் சூடுகாட்டி வளைத்து, வாடிக்கையாளரின் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி பொருத்துகிறேன். இரண்டு காதும் ஒரே உயரத்தில் உள்ள மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோருடைய கண்ணாடியும் என் கையில் நேராக உட்கார்ந்துவிடும். என் சொந்த முதுகுதான் எனக்கு வசப்படவில்லை.

அந்த முதுகால் எங்கள் நாய்க்குட்டி பட்ட பாடுதான் இந்தக் கதை.

குட்டியின் பெயர் பட்டன். மூக்கு பழைய கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்ததால் என் மனைவி வைத்த பெயர். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இருபது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில் எந்தப் பிள்ளை நிஜமாகவே அழுகிறது என்று கண்டுபிடிக்கும் காது அவளுக்கு. பட்டன் வந்த மறுவாரமே, அவன் சாப்பிடும்போது முனகுகிறான் என்று சொன்னாள். எனக்கு அது ரசித்துச் சாப்பிடும் சத்தமாகத்தான் கேட்டது. அவள் அவனை மடியில் போட்டு வாயைத் திறந்து காட்டினாள். கீழே இருந்த இரண்டு கோரைப்பற்களும் மேலண்ணத்தில் குத்தி, அங்கே சிவப்பாக இரண்டு குழிகள்.

தெருமுனையில் உள்ள கால்நடை மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். "கீழ்க் கோரைப்பல்லு வெளிப்பக்கமா சாய்ஞ்சு நிக்கணுங்க. இவனுக்கு உள்ள தள்ளி நிக்குது. வாயை மூடும்போதெல்லாம் மேல குத்துது. இது பால் பல்லுதான், மயக்கம் குடுத்து ரெண்டையும் எடுத்துடலாம். நாளைக்குக் காலையில கொண்டு வாங்க. பெரிய பல்லும் இதே தடத்துல வந்துச்சுன்னா மூக்கு வரைக்கும் ஓட்டை விழுந்துடும். அப்புறம் குடிக்கிற தண்ணியெல்லாம் மூக்கு வழியா வரும்."

அவருடைய மருத்துவமனை ஒரே அறை. பக்கத்தில் சைக்கிள் கடை. மேசையின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தாடையின் எதிர்காலத்தை ஒப்படைப்பதா என்று எனக்குத் தோன்றியது. ஊருக்குள் விலங்குத் தாடைச் சீரமைப்பு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறதே, தூண்களோடு!

"அங்க காட்டிட்டு வந்துடலாம்," என்றேன்.

"எதுக்கு? இவரே எடுத்துடறேங்கறாரே," என்றாள் மனைவி.

"பெரிய இடம்ல?"

"உங்களுக்குக் கட்டடம் பெருசா இருந்தாப் போதும். உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கவே மாட்டீங்க," என்று சொன்னவள், எனக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தாள். அந்த ஒரு வாரம்தான் அவள் செய்த ஒரே தப்பு.

நிறுவனத்தின் வாசலில் ஆறு தூண்கள் இருந்தன. என் முதுகு வளைந்தது. பட்டனைப் பதிவு செய்த குமாஸ்தா அவன் கழுத்துப்பட்டையில் ஒரு ஈய முத்திரையை நசுக்கி மாட்டினார். 'ஆய்வில் உள்ளது. பிறர் தொடலாகாது' என்று அதில் பொறித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் முத்திரை வாங்கிய முதல் உயிர் பட்டன்தான் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தெரிந்தவர்களிடம் எல்லாம் அவன் கழுத்தைத் தூக்கிக் காட்டினேன்.

கட்டடம் இரண்டு சிறகுகளாக இருந்தது. கிழக்கே மேல்தாடைத் துறை. மேற்கே கீழ்த்தாடைத் துறை. இரண்டையும் இணைக்க ஒரு நடைபாதை. அதை அந்தந்தத் துறை அதனதன் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நடுவில் வந்தபோது ஒன்று முழங்கால் உயரம் மேலேயும் இன்னொன்று ஒரு முழம் தள்ளியும் நின்றுவிட்டன. அந்த இடைவெளியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, பக்கத்தில் ஒரு பெஞ்சும் வைத்திருந்தார்கள். நோயாளிகள் காத்திருக்கும் இடம் அதுதான். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத இடம் என்பதால் அங்கே மின்விசிறி கிடையாது.

மேல்தாடைத் துறைத் தலைவர் பருமனான, கனிவான மனிதர். பட்டனின் வாயைத் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், கீழ்த்தாடையை ஒரு பச்சைத் துணியால் மூடியது.

"எதுக்கு சார் துணி?" என்றேன்.

"இன்னொரு துறையோட உறுப்பை நாங்க பார்க்கக் கூடாது. நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார். பிறகு விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். "அருமையான மேல்தாடை. இந்த வருஷம் நான் பார்த்ததுலயே இதுதான் நல்ல மேல்தாடை. ரெண்டு குழி இருக்கு. ஆனா அது எங்க குழி இல்ல. வெளியிலேர்ந்து வந்த குழி. எங்க பக்கம் ஒரு குறையும் இல்லன்னு எழுதித் தர்றேன். சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

நானும் சந்தோஷமாகத்தான் பலகையில் ஏறி இறங்கி மேற்கே போனேன்.

கீழ்த்தாடைத் துறைத் தலைவி ஒல்லியானவர், கண்டிப்பானவர். அவரிடமும் ஒரு துணி இருந்தது. அது நீலம். மேல்தாடையை மூடிவிட்டு, ஒரு சிறிய அளவுகோலால் கோரைப்பற்களைத் தொட்டுப் பார்த்தார்.

"பல்லு ரெண்டும் செங்குத்தா நிக்குது. இதைவிட நேரா ஒரு பல்லு இருக்க முடியாது," என்றார்.

"அது மேல குத்துதுங்களே, மேடம்."

"பல்லு குத்தல. பல்லு அது பாட்டுக்கு நிக்குது. மேலண்ணம் வந்து அது மேல மோதுது. ரோட்டுல ஒழுங்கா நிக்கற வண்டி மேல இன்னொருத்தன் வந்து மோதினா நின்ன வண்டியையா பிடிப்பீங்க? நான் இருபத்தி ரெண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு கீழ்த்தாடைகூடத் தப்பு பண்ணி நான் பார்த்ததில்ல."

வீட்டுக்கு வந்து இரண்டு சான்றிதழ்களையும் மனைவியிடம் காட்டினேன். மேலே குறையில்லை, கீழே குறையில்லை. "அப்ப பட்டனுக்கு ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டேன். அவள் பட்டனை எடுத்து என் மடியில் வைத்து, ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். அவன் கடித்தான், கத்தினான், பிஸ்கட்டைத் துப்பிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"உங்க கடையில இடது காதுக்கு ஒரு ஆள், வலது காதுக்கு ஒரு ஆளுன்னு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். இரண்டு காதையும் நானேதான் பார்க்கிறேன்.

மறுநாளே அவள் அவனைத் தெருமுனை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் கழுத்து முத்திரையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாராம். "அம்மா, முத்திரை விழுந்த தாடையை நான் தொட்டா என் உரிமம் போயிடும். அவங்களா கழற்றிவிட்டாத்தான் உண்டு," என்றாராம். திரும்பி வந்தவள் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறை யாருடையது என்று இரண்டு துறையும் ஒத்துக்கொண்டால்தான் முத்திரையைக் கழற்ற முடியும் என்றார் குமாஸ்தா. அதற்குப் பிறகு வாரங்கள் போயின. காலையில் மேல்தாடை, மதியம் கீழ்த்தாடை, நடுவில் பெஞ்சு. சாப்பாட்டை மனைவி கூழாகக் கரைத்து, கரண்டியால் பட்டனின் கன்னத்து ஓரமாக ஊட்டினாள். நானோ நிறுவனத்தில் மெல்ல மெல்ல ஒரு ஆளாகிக்கொண்டிருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது, எந்தத் துணிக்கு எந்த வரிசை என்றெல்லாம் விளக்கினேன். பூனையோடு வந்த ஒரு பெரியவர் என்னை ஊழியர் என்று நினைத்து, "சார், எப்ப கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். திருத்தியிருக்க வேண்டும். "கூப்பிடுவோம், உட்காருங்க," என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு காலை பட்டனின் போர்வையில் ரத்தம் இருந்தது. அவன் கூழையும் தொடவில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, முகர்ந்து, பின்வாங்கினான். பசிக்கிற நாய் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, முன்அனுமதி இல்லாமல் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புரட்சி அது. நுழைந்த கையோடு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

இயக்குநர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். என் முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற ரகம். "நோயாளி நீங்களா?" என்றார்.

"இல்லிங்க ஐயா, இவன்." பட்டனைத் தூக்கிக் காட்டினேன். "மேல கேட்டா கீழங்கறாங்க, கீழ கேட்டா மேலங்கறாங்க. ரெண்டும் சேர்ற இடத்துலதாங்க தகராறு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உட்காருங்க. இந்த நிறுவனத்துக்கு இதுவரைக்கும் கடியைப் பத்தி ஒரு புகார்கூட வந்ததில்ல. ஏன்னு தெரியுமா? கடிக்குன்னு நாங்க ஒரு துறையே வைக்கல. அதுதான் நிர்வாகம். முன்னாடி ஒரே துறையாத்தான் இருந்துச்சு. அப்ப என்ன ஆச்சு? காலையில வர்ற நாய் சாயங்காலம் குணமாகிப் போயிடும். நாள் பூரா வராந்தா காலியாக் கிடக்கும். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கும். துறையைப் பிரிச்ச பிறகு பாருங்க, எவ்வளவு கூட்டம்! மக்கள் நம்பிக்கை இருந்தாத்தானே கூட்டம் வரும்?"

நான் தலையாட்டினேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அந்த நிமிஷம் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

"இருந்தாலும் உங்களுக்காக ஒரு கூட்டாய்வு ஏற்பாடு பண்றேன். மேல், கீழ் ரெண்டு தலைவர்களும் ஒரே நேரத்துல வருவாங்க. வரலாத்துலயே முதல் தடவை. தேதி குறிக்கக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் தினமும் பெஞ்சுல வந்து உட்காருங்க. ஒரு நாள் விட்டாலும் உங்க வரிசை போயிடும்." போர்வை ரத்தத்துக்குக் களிம்பு ஒன்று எழுதித் தந்தார். அதுவும் மேலே தடவ ஒன்று, கீழே தடவ ஒன்று.

தினமும் உட்கார்ந்தேன். கடையில் சம்பளமில்லா விடுப்பு. பட்டன் வளர்ந்துகொண்டிருந்தான். பால் பற்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. தெருமுனை மருத்துவர் எச்சரித்த பெரிய பற்கள் ஈறுக்குள் முட்டிக்கொண்டு வந்தன. ஈறு அரித்ததோ என்னவோ, அவன் பெஞ்சுக்கு அடியில் போய் எதையோ மென்றுகொண்டே இருந்தான். குனிந்து பார்த்தால், பெஞ்சின் ஒரு காலில் மாட்டியிருந்த ரப்பர் குமிழ். சின்ன எலுமிச்சை அளவு. எப்படியோ இழுத்துக் கழற்றிவிட்டான். அரசாங்கச் சொத்தாயிற்றே என்று பிடுங்கினேன். அவன் அழுதான். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெஞ்சு ஒரு பக்கம் ஆடியது. நான் உட்காரும் கோணத்தை மாற்றிக்கொண்டேன். எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

ஒரு நாள் மனைவி சொன்னாள், "இவன் இப்பெல்லாம் முனகறதே இல்ல, கவனிச்சீங்களா? நேத்து கெட்டியாவே சாப்பிட்டான்."

"நான் சொன்னேன்ல? அந்த இடத்துக் காத்தே மருந்து," என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

கூட்டாய்வு நாள் வந்தது. எங்கே நடத்துவது என்பதில் தகராறு. மேல்தாடைத் தலைவர் மேற்கே வர மாட்டார், கீழ்த்தாடைத் தலைவி கிழக்கே வர மாட்டார். கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத எங்கள் பெஞ்சில் என்று முடிவாயிற்று. தலைவர் கிழக்கு முனையில் உட்கார்ந்தார். அவர் எடைக்குப் பெஞ்சு அந்தப் பக்கம் சாய்ந்து, மேற்கு முனையில் உட்கார்ந்திருந்த தலைவி ஒரு சாண் மேலே போனார். அவர் கோபத்தில் முழு பலத்தோடு பெஞ்சை அழுத்தினார். இப்போது தலைவர் மேலே போனார். இயக்குநர் பின்னால் நின்றுகொண்டு இதை ஏதோ ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெஞ்சுக் கால்ல ரப்பர் இல்லிங்க ஐயா," என்றார் குனிந்து பார்த்த தளவாடப் பிரிவுக்காரர். எல்லோரும் தரையைத் தேடினார்கள். பிறகு எல்லோருடைய பார்வையும் மெதுவாகப் பட்டன் மேல் திரும்பியது. அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

"நிறுவனச் சொத்து! வாயைத் திறங்க!" என்று இயக்குநர் கத்தினார்.

துணி போட யாருக்கும் நேரமில்லை. மேல்தாடைத் தலைவர் மேலே பிடித்தார், கீழ்த்தாடைத் தலைவி கீழே பிடித்தார். அத்தனை மாதங்களில் பட்டனின் வாய் முழுசாகத் திறந்தது அன்றைக்குத்தான். உள்ளே, புதிதாக முளைத்த இரண்டு பெரிய கோரைப்பற்களுக்கு நடுவில் ரப்பர் குமிழ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தளவாடப் பிரிவுக்காரர் அதை எடுத்ததும் பட்டன் வாயை மூடினான். கோரைப்பற்கள் இரண்டும் அண்ணத்தைத் தொடாமல், அழகாக வெளிப்பக்கம் சாய்ந்து, மேல் கோரைப்பற்களுக்கு முன்னால் வந்து பொருந்தின. குழிகள் இருந்த இடத்தில் வெளுத்த இரண்டு புள்ளிகள்தான் மிச்சம்.

ரப்பரில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளம். கண்ணாடிச் சட்டத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைக்கிறவனுக்கு அந்தப் பள்ளங்களின் அர்த்தம் புரியாமல் போகுமா? முளைக்கிற பல்லை இந்த ரப்பர்தான் நாளெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறது.

"குணமாயிருக்கே!" என்றார் இயக்குநர். "யார் குணப்படுத்தினது?"

"மேல்தாடை ஒதுங்கி வழிவிட்டிருக்கு," என்றார் தலைவர்.

"கீழ்த்தாடை பெருந்தன்மையா விட்டுக் குடுத்திருக்கு," என்றார் தலைவி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார். ரப்பர்தான் ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவருக்குப் பின்னால் அந்த ஆறு தூண்களும் தெரிந்தன. "இங்க தினமும் வந்து காத்திருந்ததுதாங்க ஐயா குணமாக்குச்சு," என்று என் வாய் சொல்லிவிட்டது.

இயக்குநரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "காத்திருப்பு! இத்தனை வருஷமா நாம குடுத்துக்கிட்டிருந்த சிகிச்சை என்னன்னு நமக்கே தெரியாமப் போச்சே!"

பட்டனின் முத்திரையை வெட்டி எடுத்தார்கள். கடித்துக் குதறிய சொத்தைத் திருப்பி வாங்க விதி இல்லை என்று ரப்பரை என்னிடமே தந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் காத்திருப்புச் சிகிச்சைத் துறையின் தொடக்க விழா. என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். சாக்கட்டியால் செய்த ஒரு நாய்த் தாடையைப் பரிசாகத் தந்தார்கள். மேல்பாதியை ஒரு துறையும் கீழ்ப்பாதியை இன்னொரு துறையும் செய்து தனித்தனியாகத் தந்தன. சேர்த்துப் பார்த்தேன், மூடவில்லை. இயக்குநர் அறிவித்தார்: "இனிமே எந்தக் குட்டி வந்தாலும் ஆறு மாசம் காத்திருப்பு கட்டாயம். அவசரம்னு வந்தா ஒன்பது மாசம். இன்னொரு விஷயம். நம்ம பெஞ்சுகளோட பாதுகாப்பைக் கருதி ரப்பர் குமிழையெல்லாம் எடுத்துட்டு இரும்புக் குமிழ் மாட்டியிருக்கோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் 'இரும்பு' என்ற சொல் காதில் விழுந்தது. மூன்றாவது வரிசையில் என் மனைவி மட்டும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டன் தூங்கிக்கொண்டிருந்தான்.

விழா முடிந்ததும் நடைபாதை வழியாக வந்தேன். எங்கள் பெஞ்சில் பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல. பையைக் கழற்றவில்லை. மடியில் ஒரு பழுப்புக் குட்டி. கழுத்தில் புது முத்திரை. குட்டி பெஞ்சுக் காலைக் கடிக்கப் போய், இரும்பில் பல் பட்டு, கத்திவிட்டு அவர் மடிக்கே ஏறியது. அதன் உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது. என் வாய் ஒருதரம் திறந்து செய்த காரியம் இது. அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டன.

பையிலிருந்த பட்டனின் ரப்பரை எடுத்தேன். "அம்மா, இதைக் கழுவிக் கடிக்க விடுங்க. தினமும். விழுங்கிடாமப் பக்கத்துலயே இருங்க. முளைக்கிற பல்லை இது வெளிய தள்ளும். என் குட்டிக்கு இதுலதான் சரியாச்சு."

அவர் ரப்பரை வாங்கவில்லை. சந்தேகமாகப் பார்த்தார். "இது எந்தத் துறை மருந்து சார்?"

"எந்தத் துறையும் இல்லம்மா. பெஞ்சுக் கால்ல இருந்தது."

"சீட்டு இல்லாமக் குடுத்தா ஏதாவது ஆயிடும் சார். முத்திரை வேற போட்டிருக்காங்க. பெரிய இடம். அவங்களே பார்த்துக்குவாங்க." அவர் முதுகு லேசாக வளைந்திருந்தது.

பின்னால் நின்ற என் மனைவி என் விலாவில் விரலால் குத்தினாள். "நிக்கறீங்களே. எழுதிக் குடுங்க."

"நான் எப்படி..."

"பூனைக்காரருக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படி."

விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'ரப்பர் குமிழ் ஒன்று. தினமும் கடிக்க. மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் சேர்த்து.' கீழே யாருக்கும் புரியாதபடி ஒரு கையெழுத்து. முத்திரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பட்டனின் ஈரமான பொத்தான் மூக்கை அதன்மேல் அழுத்தினேன்.

அந்த அம்மா அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். எழுந்து நின்று, "ரொம்ப நன்றிங்க சார்," என்றார். சீட்டைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ரப்பரைக் குட்டியின் வாயில் கொடுத்தார்.